ஒரு வாரத்து ஆயுள்

பத்திரிகைக் காகிதத்தின் தலையெழுத்து விசித்திரமானது. அது வீட்டுக்குள் வந்து சேரும் தினத்தில் அதற்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால், மாப்பிள்ளைக்குக் கூட அவ்வளவு கிடைக்காது. அப்பா முதலில் படிப்பதா, பிள்ளை முதலில் படிப்பதா, அல்லது சமையலறையில் இருப்பவர் தொடர்கதையை முடித்த பிறகுதான் மற்றவர்கள் கைக்கு வருமா என்று பெரிய வழக்கே நடைபெறுகிறது. அடுத்த இதழ் வந்ததும் வழக்குத் தள்ளுபடியாகி விடுகிறது. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துத் தைத்து வைப்பார்கள். நல்ல சித்திரம் இருந்தால் சுவருக்குப் போகும். கவிதையை யாராவது நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொள்வார்கள். ஆனால் கச்சேரியைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் ஊர்த் திருவிழாவைப் பற்றியும் ஒருவர் கண் விழித்து எழுதிய பக்கங்கள் இருக்கின்றனவே, அவை நேரே சுண்டல் பொட்டலத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன.

அப்படியிருக்க, ஒரு வாரத்து ஆயுளே உள்ள இந்த எழுத்துக்காக ஒருவர் தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிடுவது தகுமா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் போனால் போதும். தமிழ்நாட்டில் கலைகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதை ஒரு தொழிலாகவும் தொண்டாகவும் செய்து காட்டியவர் தஞ்சை ஜில்லாக்காரர். ஆனால் அவருடைய ரசனைக்கு உரமிட்ட தோட்டங்களில் ஒன்று இந்தச் சாரல் சீமையிலேதான் இருந்தது.

அவர்தான் ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி. 1899-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தவர். திருச்சியில் படித்துக் கொண்டிருந்த பிள்ளை, காந்தி மகானின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டு, 1921-ல் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதாமலே வெளியேறினார். 1922-ல் ஒரு வருஷம் சிறைவாசம். வெளியே வந்த பின் 1923-ல் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரின் ‘நவசக்தி’யில் உதவி ஆசிரியரானார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் இருந்து, மதுவிலக்குக்காக நடந்த ‘விமோசனம்’ பத்திரிகைக்கு உழைத்தார். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தின் போது மறுபடியும் சிறை. 1931-ல் ஸ்ரீ எஸ். எஸ். வாசன் நடத்திய ‘ஆனந்த விகடன்’ ஆசிரியப் பொறுப்புக்கு வந்தார்.

பரீட்சை எழுதாதவர், சங்கீதத்தில் பட்டம் பெறாதவர், இரண்டு தடவை சிறைக்குப் போனவர். இப்படிப்பட்டவர் கச்சேரி மேடைக்கு எதிரே உட்கார்ந்து, பெரிய பெரிய வித்வான்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாமா என்று அக்காலத்தில் யாராவது கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வியே. அதற்கு அவர் தம் புனைபெயரிலேயே பதில் வைத்திருந்தார். ‘ஆடல் பாடல்’ என்ற தலைப்பில் அவர் எழுதி வந்த விமர்சனங்களுக்குக் கீழே காணப்பட்ட பெயர் ‘கர்நாடகம்’ என்பது. கர்நாடக சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவர் என்று ஒரு பொருள். இன்னொரு பொருள் நம் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. நாகரிகம் தெரியாத பழைய காலத்து மனிதரை ‘சுத்தக் கர்நாடகம்’ என்று சொல்கிறோம் அல்லவா? ‘நான் பண்டிதன் அல்ல, பட்டிக்காட்டான், என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்’ என்று அந்தப் பெயரே ஒப்புக் கொண்டு விட்டது.

கடல் கடந்த தேசத்திலும் இதைப் போல ஒன்று நடந்திருக்கிறது. பின்னாளில் நாடகாசிரியராக உலகப் புகழ் பெற்ற பெர்னார்டு ஷா, 1889-லும் 1890-லும் லண்டன் ‘ஸ்டார்’ பத்திரிகையில் சங்கீத விமர்சனம் எழுதினார். அப்போது அவர் வைத்துக் கொண்ட பெயர் ‘கார்னோ டி பஸெட்டோ’. அது அக்காலத்தில் அநேகமாக வழக்கொழிந்து போயிருந்த ஓர் ஊதுகுழலின் பெயர். பண்டிதர் போல் பயமுறுத்தாமல், சங்கீதம் தெரியாதவனும் படித்துச் சிரித்துப் பயன் பெறும்படி எழுத வேண்டும் என்ற எண்ணமுள்ள இரண்டு பேர், இரண்டு கண்டங்களில், ஒரே மாதிரி வேஷம் போட்டுக் கொண்டார்கள்.

இந்த வேஷத்தால் என்ன பயன் என்பதைத் தென்காசியிலிருந்து பார்த்தால் நன்றாக விளங்கும். சென்னையில் வானொலி நிலையம் ஏற்பட்டது 1938-ம் வருஷத்தில், திருச்சியில் 1939-ல். அதற்குப் பின்னும் வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடுகள் மிகச் சில. சென்னையில் மார்கழி மாதத்தில் நடக்கும் கச்சேரிகளைத் தென்காசியில் உள்ள ஒரு குடும்பம் எவ்வாறு அறிந்து கொள்ளும்? கிராமபோன் தட்டு இருந்தது. ஆனால் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷப் பாட்டுத்தான் அடங்கும். ராக ஆலாபனை எப்படி வளர்ந்தது, மிருதங்கக்காரர் எங்கே கைதட்டல் வாங்கினார், சபையில் எந்த இடத்தில் நிசப்தம் நிலவியது, யார் பாதியில் எழுந்து போனார்கள் என்பதையெல்லாம் தட்டுச் சொல்லாது. அதைச் சொல்லப் பத்திரிகைதான் இருந்தது. ரயிலில் ஏறி, சாரல் நனைத்த ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்த அந்த நாலு பக்கங்கள்தான் அநேகம் பேருக்குச் சபா, அதுவே முதல் வரிசை ஆசனம்.

*

தென்காசியிலிருந்து மேற்கே சிறிது தூரம் போனால் செங்கோட்டை. அந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் பாட்டாலே பரப்பியவர் எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்து, சிறு பிள்ளையாகவே நாடக மேடை ஏறி, 1933-ல் இருபத்தேழாவது வயதிலேயே மறைந்து போனார். அவரும் அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாளும் கதர் உடுத்தித் தேச பக்திப் பாடல்களைப் பாடியவர்கள். கணவர் மறைந்த பிறகு அந்த அம்மையார் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். அவரைத் திரும்ப அழைத்து வந்தது ‘பக்த நந்தனார்’ என்ற டாக்கி. 1935-ல் வெளியான அந்தப் படத்தில் நந்தனார் வேஷத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஒரு லட்சம் என்றால் ஒரு சிறு ஊரையே வாங்கி விடலாம் என்று ஜனங்கள் பேசிக் கொண்டார்கள்.

இப்போது விமர்சகரின் நிலைமையை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடி ஜனங்களைத் திரட்டியவர். சிறை சென்ற தேசத் தொண்டரான பத்திரிகாசிரியருக்குத் தம் கட்சியைச் சேர்ந்தவர். துயரத்திலிருந்து மீண்டு வந்தவர். கதையோ தீண்டாமையைச் சாடுவதற்கு ஏற்ற கதை. படத்தைப் புகழ்வதற்கு இத்தனை காரணங்கள் போதாவா? ஆயினும் ‘கல்கி’ புகழவில்லை. அந்தப் படத்தில் மரங்களும் எருமையும் ஆட்டுக்குட்டியுமே நன்றாக நடித்திருக்கின்றன என்ற கருத்துப்பட அவர் எழுதிய கேலி, தமிழ் சினிமாவின் சரித்திரத்தைச் சொல்பவர்களால் இன்றும் நினைவு கூரப்படுகிறது.

அது கடுமையான வார்த்தை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் பின்னே இருந்த கொள்கையைக் கவனிக்க வேண்டும். தேசத்துக்கு உழைப்பவர் என்பதற்காக ஒருவருடைய கலையில் உள்ள குறையைக் கண்டும் காணாதவராக இருந்தால், அதனால் தேசத்துக்கும் நன்மையில்லை, கலைக்கும் நன்மையில்லை. டிக்கட்டுக்கு நாலணா கொடுத்த குடும்பத்தின் பக்கம்தான் விமர்சகர் நிற்க வேண்டும். சுந்தராம்பாளின் பெருமைக்கும் அதனால் குறைவு வந்து விடவில்லை. 1953-ல் அதே வாசனின் ஜெமினி ஸ்தாபனம் எடுத்த ‘ஔவையார்’ படத்தில் அவர் அடைந்த புகழை வீட்டுக்கு வீடு அறிவார்கள். நல்ல கலைஞரைக் கண்டனம் அழிப்பதில்லை. பொய்ப் புகழ்ச்சியோ, நல்ல கலைஞருக்கும் நடுத்தரக் கலைஞருக்கும் உள்ள வித்தியாசத்தையே அழித்து விடுகிறது.

*

இனி தென்காசிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1882-ல் பிறந்த டி. கே. சிதம்பரநாத முதலியாரை டி.கே.சி. என்றால்தான் தமிழ்நாட்டுக்குத் தெரியும். ரசிகமணி என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். வக்கீலுக்குப் படித்தவர், சென்னைச் சட்டசபையில் இருந்தவர், 1930-களின் முற்பகுதியில் அறநிலையப் பாதுகாப்பு இலாகாவில் கமிஷனர் பதவி வகித்தவர். ஆனால் சட்டப் புத்தகத்தை விடக் கம்பரையே அதிகமாகப் புரட்டினார் என்பது பிரசித்தம். திருநெல்வேலியில் அவருடைய வீட்டுத் தொட்டிக்கட்டு முற்றத்தில் ஞாயிறு தோறும் நண்பர்கள் கூடுவார்கள். ‘வட்டத்தொட்டி’ என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். அதற்குத் தலைவர் இல்லை, காரியதரிசி இல்லை, சந்தா இல்லை, தீர்மானமும் இல்லை. ஒரு செய்யுளை எடுத்துக் கொண்டு, அதை டி.கே.சி. திரும்பத் திரும்பச் சொல்லுவார். முதல் தடவை ஓசை விளங்கும். இரண்டாம் தடவை பொருள் விளங்கும். மூன்றாம் தடவை, இத்தனை நாள் இதை எப்படித் தெரியாமல் இருந்தோம் என்ற வெட்கம் கேட்பவருக்கு உண்டாகும்.

பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் குடியேறினார். வட்டத்தொட்டியும் கூடவே வந்து விட்டது. குற்றாலத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் அதற்கு ஏது? ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி வந்ததும் பேரருவி விழுகிறது. நடுவிலே பொங்குமாங்கடலில் தங்கிப் பொங்கி, பிறகு கீழே குதித்துச் சிற்றாறாக ஓடுகிறது. மேலே செண்பகாதேவி, தேனருவி, அப்பால் ஐந்தருவி. அருவிக்குப் பக்கத்தில் சங்கு வடிவமாக அமைந்த குற்றாலநாதர் கோயில், ஞானசம்பந்தர் பாடிய குறும்பலா. சற்றுத் தள்ளி, நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான, சுவரெல்லாம் ஓவியம் நிறைந்த சித்திர சபை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த மலையையும் அருவியையும் குறத்தியின் வாயில் வைத்துக் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். 1944-ல் கலாக்ஷேத்திரத்தில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அதை நாட்டிய நாடகமாக அமைத்தார். பாட்டு, சிற்பம், ஓவியம், ஆடல் ஆகிய நாலும் ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் கிடைக்கும் பிரதேசம் அது.

ராஜாஜி இங்கே வந்தார். ‘கல்கி’ வந்தார். எழுத்தாளர்களும் பாடகர்களும் வந்தார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக் கொண்டு அருவியில் நிற்பது, பிறகு டி.கே.சி. வீட்டு விருந்து, அதன் பிறகு கவிதை என்பதுதான் அந்நாளைய நிகழ்ச்சி நிரல். அருவியில் நனைந்து பசித்து வந்து, வயிறார உண்டு, செவியாரக் கேட்டவன் எவனும் கவிதையைப் பரீட்சைக்குரிய பாடமாக இனி நினைக்க முடியாது.

இந்தச் சிநேகத்தால் இருவருக்கும் இலாபம் உண்டாயிற்று. கலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் பண்டிதத் தமிழில் சொல்ல வேண்டியதில்லை, நாம் வீட்டில் பேசும் தமிழுக்கே அந்தச் சக்தி உண்டு என்ற டி.கே.சி.யின் நம்பிக்கை, ‘கல்கி’யின் பேனாவுக்குத் துணை நின்றது. ‘கல்கி’யோ தம் பத்திரிகையின் பக்கங்களை ரசிகமணிக்குத் திறந்து வைத்தார். கம்பரைப் பற்றி டி.கே.சி. அதில் தொடர்ந்து எழுதினார். ஒரு முற்றத்தில் இருபது பேர் கேட்ட விளக்கத்தை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாசித்தன. நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளையின் கவிதையைத் தமிழ் மக்கள் உவந்து ஏற்பதற்கும் டி.கே.சி.யின் இடைவிடாத எடுத்துரைப்பு பெரிய காரணமாயிற்று. வட்டத்தொட்டியில் மலர்ந்ததற்குப் பத்திரிகை வாசம் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

*

கலையைப் பற்றி எழுதுவது சாதுவான தொழில் என்று நினைப்பவர்கள் தமிழிசைக் கிளர்ச்சியை நினைத்துக் கொள்ள வேண்டும். 1941-ல் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் அண்ணாமலை நகரில் தமிழிசை மகாநாடு கூடியது. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கள் பிரதானமாக இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. கேட்பதற்கு இது வெகு சாதாரணமான ஆசை போலத்தான் இருக்கிறது. ஆனால் சென்னைச் சங்கீத உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. சங்கீதத்துக்குப் பாஷை முக்கியமல்ல என்றும், தியாகராஜர் முதலிய மகான்களின் கீர்த்தனங்களுக்கு ஆபத்து வந்து விட்டது என்றும் ஒரு சாரார் வாதித்தார்கள். ‘கல்கி’யும் டி.கே.சி.யும் தமிழிசையின் பக்கம் நின்றார்கள். ‘கல்கி’ அப்போது எழுதியவை ‘சங்கீத யோகம்’ என்ற நூலாக வந்திருக்கின்றன. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது.

இந்த வாதத்தில் மூலாதாரமான கேள்வி ஒன்று உண்டு. கச்சேரி யாருக்காக நடக்கிறது? பாடுகிறவருக்காகவா, பாடத் தெரிந்த சிலருக்காகவா, அல்லது கேட்க வந்திருக்கும் குடும்பத்துக்காகவா? மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் பாட்டின் பொருள் புரிய வேண்டும் என்பது சங்கீதத்துக்குச் செய்யும் துரோகமாகாது. சங்கீதத்துக்கு அது ஒரு வாசலைத் திறந்து விடுவதுதான். அதே சமயத்தில் தெலுங்குக் கீர்த்தனங்களின் அழகும் குறைந்து விடவில்லை. இன்றைக்குத் தமிழ்ப் பாட்டில்லாத கச்சேரி நடத்த எந்தச் சபாவும் தயங்கும். தியாகராஜர் பாடலும் ஒலித்துக் கொண்டுதான் இருக்கிறது. வாரப் பத்திரிகைகளில் வந்து பொட்டலக் காகிதமாய்ப் போன கட்டுரைகளுக்கும் இந்த மாறுதலில் பங்கு உண்டு.

ஆனால் நாம் இங்கே தோத்திரம் பாட உட்காரவில்லை. இந்த இரு பெரியவர்களின் வேலையிலும் இடறும் இடங்கள் இருந்தன. டி.கே.சி.க்குத் தம் காதின் மேல் அபார நம்பிக்கை. கம்பராமாயணத்தில் உள்ள பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரும் பகுதி கம்பர் வாக்கே அல்ல, பிறர் நுழைத்தவை என்று தள்ளினார். சில பாடல்களில் சொற்களையும் மாற்றினார். ஏட்டுப் பிரதியின் சாட்சியை விட ரசிகரின் செவிச் சாட்சி பெரிது என்று சொல்வதைப் புலவர்கள் ஒப்பவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நாமும் எண்ணுகிறோம். பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்ல ரசிகருக்குப் பூரண உரிமை உண்டு. பிடிக்காததால் அது கம்பர் பாடியதில்லை என்று சொல்வது வேறு விஷயம்.

‘கல்கி’யின் விஷயத்திலும் ஒரு கேள்வி எழாமல் போகாது. 1941-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று மீண்ட பிறகு, ஸ்ரீ டி. சதாசிவத்துடன் சேர்ந்து அவர் ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய பணத்துக்கு உதவியாக, ஸ்ரீ சதாசிவத்தின் மனைவியாரான ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். பின்னர், 1945-ல் வெளிவந்த ‘மீரா’வில் அந்த அம்மையார் பாடிய புகழ் பெற்ற பாட்டை எழுதியவரும் ‘கல்கி’யேதான். அப்படியானால் அந்தப் பாடகியாரைப் பற்றி அவருடைய பத்திரிகையில் வரும் புகழ்ச்சியை நாம் எவ்வாறு ஏற்பது?

நேர்மையான கேள்வி, அதற்கு நேர்மையான விடையும் இருக்கிறது. சுப்புலக்ஷ்மியின் குரல் தட்டுக்களில் இன்றும் இருக்கிறது. புகழ்ச்சி பொய்யா மெய்யா என்று எவரும் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். காலம் அந்த வழக்கைத் தீர்த்து வைத்து விட்டது. ஆனால் குரல் பதிவாகாத எத்தனையோ நாகஸ்வரக்காரர்கள், கதாகாலக்ஷேபக்காரர்கள், நாடக நடிகர்கள் அந்நாட்களில் வாழ்ந்தார்கள். கிட்டப்பாவின் பாட்டே சில தட்டுக்களில்தான் மிஞ்சியிருக்கிறது. இராமுழுவதும் அவர் நடத்திய நாடகமும், கொட்டகை கொள்ளாத ஜனங்களும், அவர்கள் மறுபடியும் பாடச் சொல்லிப் போட்ட கூச்சலும் யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. அத்தகைய கலைஞர்களின் விஷயத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர்தான் சாட்சி. சாட்சி ஒருவரே ஆகும்போது அவர் பொய் சொல்லக் கூடாது. சிநேகிதத்துக்காகவும் கூடாது, விரோதத்துக்காகவும் கூடாது. இதுதான் இந்தத் தொழிலின் தர்மம். ஒரு வாரத்தில் மறக்கப்படும் எழுத்துத்தானே என்று அலட்சியமாக எழுதுகிறவர், எழுபது வருஷத்துக்குப் பின் அதை ஒருவர் தேடி எடுத்துச் சாட்சியாக வாசிக்கக் கூடும் என்பதை மறந்து விடுகிறார்.

கலையோடு அது நிற்கவுமில்லை. எட்டயபுரத்தில் மகாகவி பாரதிக்கு ஒரு ஞாபகச் சின்னம் வேண்டும் என்று ‘கல்கி’ தம் பத்திரிகையில் எழுதினார். நேயர்கள் தங்கள் சக்திக்கேற்பப் பணம் அனுப்பினார்கள். 1945-ல் அஸ்திவாரம் போடப்பட்டு, 1947 அக்டோபரில், தேசம் விடுதலையடைந்த இரண்டாவது மாதத்தில், ராஜாஜி பாரதி மணிமண்டபத்தைத் திறந்து வைத்தார். அரசாங்க மானியத்தையோ ஜமீன்தாரின் தயவையோ மட்டும் நம்பியிராமல், பத்திரிகை வாசிக்கும் குடும்பங்களின் சிறு தொகைகளைச் சேர்த்து அது எழுந்தது. நல்ல பாட்டு எது என்று பல வருஷங்களாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய வாசகர்கள், பாட்டுக்காரனுக்கு மண்டபம் கட்டுவோம் என்றதும் கை கொடுத்தார்கள். ரசனையை வளர்ப்பது வீண் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி எதற்கு?

*

1954-ம் வருஷம் தமிழ்நாட்டுக்குப் பொல்லாத வருஷம். பிப்ரவரி 16-ந் தேதி டி.கே.சி. குற்றாலத்திலிருந்து விடைபெற்றார். செப்டம்பர் 26-ந் தேதி கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மறைந்தார். டிசம்பர் 5-ந் தேதி ‘கல்கி’யும் போய் விட்டார். பாடியவர், பாட்டை அனுபவித்து எடுத்துச் சொன்னவர், அதைப் பத்திரிகையின் வழியாக வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தவர் ஆகிய மூவரும் ஒரே வருஷத்தில் விடைபெற்றார்கள்.

அவர்கள் விட்டுப் போன வேலை தீர்ந்து விட்டதா? தென்காசி 2019-ம் வருஷத்திலிருந்து தனி மாவட்டமாகியிருக்கிறது. குற்றாலத்தில் சாரல் திருவிழா நடக்கிறது. அருவியில் எவ்வளவு ஜலம் விழுகிறது என்ற செய்தி சீசன் நாட்களில் தவறாமல் பத்திரிகைக்கு வருகிறது. மிகவும் நல்லது, குளிக்க வருகிறவர்களுக்கு அது தெரிய வேண்டியதே. ஆனால் அந்த அருவியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அம்மன் கொடையும் சுடலைமாடன் கொடையும் நடக்கின்றன. வில்லும் குடமும் உடுக்கையும் வைத்துக் கொண்டு வில்லுப்பாட்டுக்காரர்கள் விடிய விடியக் கதை சொல்கிறார்கள். கணியான் கூத்தில் அண்ணாவி பாட, மகுடம் முழங்க, பெண் வேஷமிட்டவர்கள் ஆடுகிறார்கள். இவற்றில் பாடியவர் யார், என்ன கதை, எங்கே கூட்டம் கண்ணீர் விட்டது, அவருக்கு என்ன சன்மானம் கிடைத்தது, அவருடைய பிள்ளை அந்தத் தொழிலுக்கு வருகிறானா என்பதையெல்லாம் யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டாமா?

கைக்கு அடக்கமான கருவியில் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவு செய்து கொள்ளும் வசதி இன்று எல்லோருக்கும் இருக்கிறது. அதனால் எழுத்து அவசியமில்லை என்று சிலர் சொல்லக் கூடும். கருவி ஓசையைப் பிடிக்கும், காட்சியையும் பிடிக்கும். அந்தப் பாட்டு அந்த ஊருக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதை அது சொல்லாது. நேற்றைக்கு அதே பாட்டு எப்படியிருந்தது, இன்றைக்கு எங்கே குறைந்தது, எங்கே வளர்ந்தது என்று தராசில் வைத்து நிறுத்துக் காட்டவும் மாட்டாது. அதற்குப் பழகிய செவியும் பயமற்ற பேனாவும் தேவை.

ஆகையால் நமது நேயர்களின் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதத் தெரிந்த பெண்ணோ பிள்ளையோ வீட்டில் இருந்தால், இந்த வருஷத்துத் திருவிழாவுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அனுப்புங்கள். முழுவதும் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். பாதியில் எழுந்து வந்தவர் விமர்சனம் எழுத லாயக்கில்லை. கேட்டதை முதலிலும் தோன்றியதைப் பிறகும் எழுதட்டும். உறவினர் பாடியிருந்தால் உறவினர் என்றே முதல் வரியில் சொல்லி விடட்டும். பாட்டிக்குப் படித்துக் காட்டும்போது அவர் இடையில் தூங்கி விட்டால், அதைத் திரும்ப எழுதட்டும்.

தென்காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன் தன் கல்வெட்டில் ஒரு காரியம் செய்திருக்கிறான். பிற்காலத்தில் இந்தக் கோயிலில் பழுது ஏற்படும்போது அதைச் செப்பனிடப் போகிறவர்களுக்கு, அவர்கள் யாராயிருந்தாலும், முன் கூட்டியே வணக்கம் தெரிவித்துக் கொண்டிருக்கிறான். ராஜ கோபுரம் பின்னாளில் தீக்கிரையாகிப் பல பத்தாண்டுகள் மொட்டையாகவே நின்றது. டி.கே.சி. தம் வாழ்நாளில் அந்த மொட்டைக் கோபுரத்தையும் பார்த்தார். 1990-ல் புதிய கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தபோது, ஐந்நூறு வருஷங்களுக்கு முன் சொன்ன வணக்கம் உரியவர்களைச் சென்றடைந்தது.

கோபுரம் கல்லால் ஆனது; அதற்கே செப்பனிடுகிறவர் வேண்டியிருக்கிறது. பாட்டும் கூத்தும் மூச்சினால் ஆனவை. அவற்றுக்கு வாரந்தோறும் செப்பனிடுகிறவர் வேண்டும். அந்த வேலையை ஏற்றுக் கொள்ளப் போகிறவர்களுக்கு, அவர்கள் யாராயிருந்தாலும், நாமும் இப்போதே வணக்கத்தைச் செலுத்தி விடுகிறோம். அவர்கள் எழுதும் காகிதம் சுண்டல் கட்டப் போனாலும் பாதகமில்லை. பொட்டலத்தைப் பிரித்த பிறகு அதில் உள்ளதை வாசிக்கிறவர்களும் நம் நாட்டில் உண்டு.